ஆயாம்மாவுக்குத் தெரியாத பதில்

நம் வி.பி.எஸ். காலத்தைப் பற்றி நீங்கள் எல்லோரும் வாட்ஸாப் குரூப்பில் எழுதுவதை ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீல் டம்ளரில் ஆரஞ்சு சர்பத், கலர் பேப்பர் பூ, கடைசி நாள் பலூன் ஊர்வலம். அந்த நாட்கள் திரும்பி வருமா என்று ஆளாளுக்கு ஏங்குகிறீர்கள். வரவே வேண்டாம் என்கிறேன் நான். உங்களுக்கெல்லாம் படிக்கிற கண்ணாடி வந்து, முட்டி வலி வந்து, பிள்ளைகள் காலேஜுக்குப் போகிற வயது. எனக்கும் அதே வயதுதான். இந்த வயதிலாவது நம்மில் ஒருத்தி வாயைத் திறக்க வேண்டாமா?

கோடை விடுமுறையில் ஆலயத்தில் சிறுவர்களுக்குப் பத்து நாள் நடக்கும் வேதாகமப் பள்ளிதான் வி.பி.எஸ். நான் சொல்வது காவிரிக் கலவரம் நடந்த டிசம்பருக்கு அடுத்த மே மாதம். தமிழர்களை அடித்த அந்தக் கலவரத்தின்போது பயந்து இறக்கி வைத்த தமிழ்ப் பலகைகளை ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்தில் சில கடைக்காரர்கள் இன்னும் மாட்டாமல் இருந்தார்கள். நமக்கு வயது பத்து. அதெல்லாம் நம் கண்ணில் படவில்லை. நம் கண்ணில் பட்டது தெர்மகோல் ஏணி.

அந்த ஏணி உங்களுக்கு மறந்திருக்காது. வி.பி.எஸ். டீச்சர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வெட்டி, ஜிகினா ஒட்டிக் கொண்டுவந்தது. மேலே தங்கத்தாள் ஒட்டிய பரலோகம். கீழே நாம். நடுவில் இருந்த ஏணியின் படிகளில் தர்மம், உதவி, நல்ல நடத்தை என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது. ஏணி உச்சிக்குப் போகாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிடும். டீச்சர் அந்த இடைவெளியைக் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டுவார். "எத்தனை நல்ல காரியம் செஞ்சாலும் ஏணி எட்டாது. யார் செஞ்சாலும் எட்டாது. விசுவாசிச்சாத்தான் போக முடியும். எட்டுமா?" நாம் ஆலயம் அதிர "எட்டாது!" என்று கத்துவோம்.

அப்புறம் கண்ணை மூடச் சொல்வார்கள். இன்றைக்கு யார் இயேசுவை ஏற்றுக்கொள்கிறீர்கள், கை தூக்குங்கள். தூக்கியவர்களுக்கு ஒரு அட்டை கிடைக்கும். அதில் பேரும் இரட்சிக்கப்பட்ட தேதியும் எழுத வேண்டும். அட்டையோடு ஒரு ஆரஞ்சு மிட்டாயும் உண்டு. நம்மில் ஒருவன் அந்த மிட்டாய்க்காகப் பத்து நாளும் கை தூக்கிப் பத்துத் தடவை இரட்சிக்கப்பட்டான். பேர் சொல்ல மாட்டேன். இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறான்.

நான் இரண்டாம் நாளே தூக்கிவிட்டேன். அப்பா சபையின் செயலாளர். என் அட்டையை அவர் கண்ணாடி அலமாரியில், சபையின் லெட்டர் பேடும் ரப்பர் முத்திரையும் இருக்கும் தட்டில், நிமிர்த்தி வைத்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வட்டாரம் இருந்தது. ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் ஏழு குடித்தனம், நடுவில் ஒரு குழாய். கடைசி வீட்டில் ஆயாம்மா. சிவாஜிநகர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. வெள்ளைப் புடவையில் நீலக் கரை, கையில் எப்போதும் பினாயில் வாசனை, இடுப்பில் வெற்றிலைப் பை. கலவரத்து நாட்களில்கூட, பஸ் இல்லாதபோது, நடந்தே டியூட்டிக்குப் போனவர். யாரோ தடுத்தபோது, "உள்ள படுத்துகினு கீறவங்கோ ஒண்ணுக்குப் போவாம இருப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

சபையில் எந்த வீட்டில் சாவு என்றாலும் ஆயாம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். ஐயரையே அப்புறம்தான். ஐயர் என்று நாம் சொல்வது போதகரை. பெற்ற பிள்ளைகளே தொடத் தயங்குகிற உடம்பை ஆயாம்மா துடைத்து, குளிப்பாட்டி, விறைக்கும் முன் கை காலை நீட்டிவிட்டு, தாடையைக் கட்டி, வெள்ளை உடுத்தி, பெட்டியில் வைக்கிறவரை கூடவே இருப்பார். பிறகு பின்வாசலில் நின்று ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். உங்கள் வீடுகளுக்கும் வந்திருக்கிறார். நன்றாக யோசித்துப் பாருங்கள், ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டுக்கும் வந்தார். அந்த மே மாதத்துக்கு ஒரு வருடம் முன்னால் எனக்கு ஒரு தம்பி பிறந்து, மூன்றாம் நாள் இறந்துபோனான். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆயாம்மா வந்ததும் வெந்நீர் வைக்கச் சொன்னார். இனிமேல் எதற்கு வெந்நீர் என்று யாரோ ஒரு உறவுக்காரர் கேட்டார். "பச்சத் தண்ணி ஊத்துனா கொழந்த சில்லிட்டுப் பூடுமே," என்றார் ஆயாம்மா. முழங்கையை விட்டுச் சூடு பார்த்துத்தான் ஊற்றினார். அம்மா அப்போதுதான் திரும்பிப் படுத்து அழ ஆரம்பித்தாள்.

இத்தனைக்கும் ஆயாம்மா சபை அங்கத்தினர் இல்லை. அவர் கணவர் நம் சபையில் பிறந்த தச்சர். ஆலயத்து பெஞ்சுகளில் பாதி அவர் ரிப்பேர் செய்தவை. ஆயாம்மா வேலூர்ப் பக்கத்து இந்துக் குடும்பம். ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம். கணவர் போன பிறகும் ஞாயிறு தவறாமல் கடைசி பெஞ்சில் வந்து உட்காருவார். ஞானஸ்நானம் வாங்கவில்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. நற்கருணை அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் முன்னால் போகும்போது அவர் செருப்புகளைப் பார்த்துக்கொள்வார்.

நம் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். புருஷனுக்கு வெட்டும் குழியை ஆழமாக வெட்டி, மேலே பெண்டாட்டிக்கு ஒரு ஆள் இடம் விட்டுத்தான் மூடுவார்கள். தச்சரும் அப்படித்தான் சொல்லி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்தக் குழியைத் திறக்க, இறந்தவர் சபை அங்கத்தினர் என்று செயலாளர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும்.

அந்த மே மாதம் ஒரு சாயங்காலம் ஆயாம்மா எங்கள் சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தார். வயிற்றில் கட்டி என்று அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். அதை ஏதோ பால் திரிந்துபோன செய்தி மாதிரிச் சொன்னார். அம்மாதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேஜார் பண்ணிக்காதம்மா. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். அவரு பக்கத்துல படுக்கணும். ஞானஸ்நானம் வாங்கிகினா வுடுவாங்களாமே?"

அம்மா அப்பாவிடம் கேட்டாள். விடுவார்கள்தான், ஆனால் இப்போது வந்திருக்கும் ஐயர் பழையவர்கள் மாதிரி இல்லை என்றார் அப்பா. ஞானஸ்நானத்துக்கு முன் வெஸ்ட்ரியில், அதாவது ஆலயத்தை ஒட்டிய போதகர் அறையில், உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். நீ பாவி என்று ஒப்புக்கொள்கிறாயா? இயேசு உனக்காக மரித்தார் என்று விசுவாசிக்கிறாயா? இன்றைக்கு நீ இறந்தால் பரலோகம் போவாய் என்ற நிச்சயம் உனக்கு உண்டா?

மூன்றுக்கும் பதில் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. அதனால் ஆயாம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. வி.பி.எஸ். முடிந்து வந்ததும் வட்டாரத்துக்கு ஓடுவேன். ஆயாம்மா முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே பாடம் படிப்பார். முதல் கேள்விக்கு, "அதுல இன்னா சந்தேகம்?" என்பார். இரண்டாவதற்கு, "பாவம், ஆணி அடிச்சு இல்ல கொன்னாங்கோ," என்று நிஜமாகவே கண் கலங்குவார். மூன்றாவதில்தான் தகராறு.

"ஆமா, நிச்சயம் உண்டுன்னு சொல்லணும் ஆயாம்மா."

"அத எப்டி கண்ணு நான் சொல்றது? அது அவரு வூடு. அவருதானே வாங்கோன்னு கூப்டணும்? இங்க இருந்துகினு, எனக்கு அங்க எடம் இருக்குது, நான் வந்து குந்திக்குவேன்னு சொன்னா மருவாதியாவா இருக்கும்?"

"சொல்லலைன்னா ஃபெயில்."

"நீ சொன்னியா?"

"சொன்னேனே. அட்டை குடுத்தாங்க."

"அப்ப சரி. நீ படிச்ச பொண்ணு. உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. ஸ்கேல் இருந்திருந்தால் அடித்திருப்பேன். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். நாலாவது நாள், "ஆமாங்கய்யா, நிச்சயம் உண்டுங்கய்யா," என்று அரிசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். நான் பாஸ் போட்டேன்.

வி.பி.எஸ். நிறைவு நாளுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வெஸ்ட்ரிக்குக் கூப்பிட்டார்கள். படிக்கத் தெரியாதவர் என்பதால் துணைக்கு நானும் போனேன். மேஜைக்குப் பின்னால் ஐயர், பக்கத்தில் குறிப்பு எழுத நோட்டோடு அப்பா. பழைய பாட்டுப் புத்தகங்களும் திராட்சரசமும் சேர்ந்த ஒரு புளித்த வாசனை. நாற்காலி காட்டியும் ஆயாம்மா உட்காரவில்லை. கையை அழுந்தத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தார், விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது.

முதல் இரண்டு கேள்விக்கும் நன்றாகச் சொன்னார். மூன்றாவதைக் கேட்டதும் என்னைப் பார்த்தார். நான் உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறந்தவர் தலையை ஆட்டிவிட்டார்.

"பொய் சொல்ல வர்ல ஐயா. அவரு சேத்துகினா போவேன். சேத்துக்குவாருன்னுதான் நெனைக்கிறேன். ரொம்ப நல்லவரு அவரு."

"நினைக்கிறேன்னா நிச்சயம் இல்லைன்னுதான் அர்த்தம்மா," என்றார் ஐயர். குரலில் கடுமை இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

ஆயாம்மா தோற்றுவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு குறுக்கே விழுந்தேன். "ஐயா, ஆயாம்மா ரொம்ப நல்லவங்க! எங்க தம்பி பாப்பாவ அவங்கதான் குளிப்பாட்டினாங்க! எல்லார் வீட்டுலயும் குளிப்பாட்டுவாங்க! கலவரத்துல கூட ஆஸ்பத்திரிக்குப் போனாங்க!"

ஐயர் அப்பாவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "பாத்தீங்களா செயலாளர்? குழந்தையே சொல்லிருச்சு. இதைத்தான் நம்பிட்டு இருக்காங்க." பிறகு ஆயாம்மாவிடம், "இதெல்லாம் செஞ்சிருக்கோம், அதனால ஆண்டவர் சேத்துக்குவார், அப்படித்தானேம்மா?" என்றார்.

ஆயாம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "எதெல்லாம்ங்க ஐயா?"

"இந்த மாதிரி நற்கிரியைகள், நல்ல காரியங்கள். இறந்தவங்களைக் குளிப்பாட்டுறது."

"அதுவா? யாராச்சும் செய்யணும் இல்லீங்களா," என்றார் ஆயாம்மா.

திடீரென்று இப்போது ஏன் ஞானஸ்நானம் என்று ஐயர் கேட்டார். கணவர் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று ஆயாம்மா உள்ளதை உள்ளபடி சொன்னார். அத்தோடு முடிந்தது. "ஞானஸ்நானம் குழிக்குக் குடுக்கிற டோக்கன் இல்லைம்மா," என்று ஐயர் பேனாவை மூடினார். ஆறு மாதம் வகுப்புக்கு வரட்டும், கிறிஸ்துமஸுக்குப் பார்க்கலாம். ஆறு மாதம் என்றதும் ஆயாம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வாசலில் என் தலையைத் தடவி, "நீ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே கண்ணு," என்றார்.

அப்பா இறந்த பிறகு, ரெண்டாயிரத்துக்கு அப்புறம், அவர் அலமாரியை ஒழித்தபோது அந்த நோட்டு கிடைத்தது. அப்பாவின் முத்து முத்தான கையெழுத்து. "விசுவாசத்தில் தெளிவில்லை. தம் கிரியைகளைச் சார்ந்திருக்கிறார். ஒத்திவைக்கப்பட்டது." நான் தரையில் உட்கார்ந்து அந்த மூன்று வரியையும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கிரியைகளைச் சார்ந்திருக்கிறாராம்! தான் செய்தது கிரியை என்றே தெரியாத ஒரு மனுஷி. அதைச் சொன்னது நான், பழி விழுந்தது அவர்மேல்.

எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது என்று நம் குரூப்பிலேயே சிலர் கிளம்புவீர்கள். சரி, தெரியாது. நம் நல்ல செயல்களைக் கொண்டுபோய்க் கடவுளிடம் பேரம் பேச முடியாது என்ற பாடத்தை நான் இன்றும் மறுக்கவில்லை. அழகான பாடம். ஏழைக்கு, ஒன்றும் இல்லாதவனுக்கு, தோற்றவனுக்கு அதைவிட நல்ல செய்தி ஏது? ஆனால் அந்தப் பாடத்தை வைத்து நாம் என்ன செய்தோம்? கை தூக்கினோம், அட்டையை நிரப்பினோம், தேதி போட்டோம், ஒப்பித்தோம், பரிசு வாங்கினோம். இதெல்லாம் கிரியை இல்லாமல் வேறென்ன? சரியான பதிலைச் சொல்லிவிட்டேன், அதனால் எனக்கு இடம் உண்டு என்பது பேரம் இல்லையா? அந்த அறையில் கையில் ஒன்றுமே இல்லாமல், ஆண்டவர் நல்லவர் என்பதை மட்டும் நம்பி நின்றது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளுக்கு விசுவாசம் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

வெஸ்ட்ரியிலிருந்து வந்த அன்று மத்தியானம் சாப்பாட்டில் அம்மா அப்பாவிடம் சொன்னாள். "நம்ம புள்ளையக் குளிப்பாட்டின கைங்க அது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல," என்றார் அப்பா, ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். பஸ்ஸில் கிழவிகளுக்கு எழுந்து இடம் கொடுக்கிற மனுஷர், ஒரு கிழவிக்குக் குழியில் இடம் கொடுக்க மாட்டேன் என்றார்.

வி.பி.எஸ். நிறைவு விழாவில் வசனம் ஒப்பித்ததற்கு எனக்குத்தான் முதல் பரிசு. நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்.

ஜூலை மழையில் ஆயாம்மா இறந்துபோனார். வகுப்புக்கு நாலு ஞாயிறு வந்தார். அப்புறம் எழுந்திருக்க முடியவில்லை. விடிகாலையில் வட்டாரத்துக்காரர்கள் வந்து சொன்னார்கள். ஐயர் வெளியூரில் ஏதோ எழுப்புதல் கூட்டத்துக்குப் போயிருந்தார். அம்மா கண்ணாடி அலமாரியைத் திறந்து லெட்டர் பேடையும் முத்திரையையும் எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

"கமிட்டி ஒத்துக்காது."

"கமிட்டிக்கு அப்புறம் பதில் சொல்லிக்கலாம். இப்ப ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பொய்க் கடிதம் எழுதச் சொல்றியா?" என்றார் அப்பா.  அம்மா வாளியையும் ஒரு புது டவலையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். எங்களுக்குப் பின்னால் அப்பாவின் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

ஆயாம்மாவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. அவர் கைபட்டுப் பெட்டிக்குள் போனவர்களின் வீடுகளிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. செய்தி போகாமல் இல்லை. சபைத் தீர்மானம் என்று ஒன்று இருக்கும்போது நாம் போய் நின்றால் நன்றாக இருக்காது என்று யோசித்திருப்பார்கள். உங்கள் அப்பா அம்மாக்களைத்தான் சொல்கிறேன். என் அம்மா அதற்கு முன் ஒரு பிணத்தைத் தொட்டதில்லை. எங்கே பிடிப்பது, எப்படித் திருப்புவது என்று தெரியாமல், ஒவ்வொரு தடவையும் "மன்னிச்சுக்கோங்க, வலிக்குதா" என்று ஆயாம்மாவிடம் கேட்டுக்கொண்டே செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இன்னொரு ஆயா தாடையைக் கட்டக் காட்டிக்கொடுத்தாள்.

தச்சர் இருக்கும் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் வண்டி போனது. கேட் சாத்தியிருந்தது. அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. பொது இடுகாட்டில், சேறும் எருக்கஞ்செடியுமாகக் கிடந்த ஒரு மூலையில் குழி வெட்டியிருந்தார்கள். இரண்டு ஆயாக்கள், ஒரு நர்ஸ், வட்டாரத்தில் ஐந்தாறு பேர், எதிர்வீட்டு ஆட்டோக்கார பாய். அவ்வளவுதான் கூட்டம்.

"யாராச்சும் ஜெபம் பண்ணுங்கோம்மா. அவங்கோ ஞாயித்திக்கிழம தப்பாம சர்ச்சுக்குப் போறவங்கோ ஆச்சே," என்றார் பாய்.

அம்மா என்னைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கூட்டத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. நான்தான் முதல் பரிசுக்காரி, எந்த வசனம் வேண்டுமானாலும் கடகடவென்று சொல்வேன். நான் ஒரு வசனமும் சொல்லவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டேன். "ஆயாம்மா இரட்சிக்கப்படலையே, நரகத்துக்குத்தானேம்மா போவாங்க? நரகத்துக்குப் போறவங்களுக்கு ஜெபம் பண்ணலாமா?"

அம்மா அறைந்தாள். வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான் என்னை அடித்திருக்கிறாள். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவளே முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். கண்ணைத் திறந்தபடியே ஜெபம் செய்தாள்.

"ஆண்டவரே, இவங்க வர்றாங்க. இவங்களுக்கு ஒப்பிக்கத் தெரியாது. நீரும் இவங்களை வாசல்ல நிக்க வச்சுக் கேள்வி கேட்டீர்னா, அந்த எடம் எனக்கும் வேண்டாம். ஆமென்."

சுற்றி நின்ற எல்லோரும் ஆமென் சொன்னார்கள். பாயும் சொன்னார். நான் சொல்லவில்லை. எரிகிற கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மாவும் நரகத்துக்குப் போய்விடுவாளே என்ற பயத்தில் சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளையின் தலைக்குள் அந்தப் பயத்தை வைத்தவர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.